வேர்டு கோப்பில் இருக்கும் படம் காதுக்கும் எட்ட வேண்டுமானால்

விளக்கம் ('ஆல்ட் டெக்ஸ்ட்') எழுதப்படாத ஒரு படத்தின் மேல் கர்சர் வந்து நின்றால், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் "கிராபிக்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே காவிரிப் படுகை வரைபடம் இருந்ததா, துறையின் இலச்சினை இருந்ததா, பொங்கல் பானை ஒட்டியிருந்ததா என்று கேட்பவருக்குத் தெரியாது. விளக்கம் எழுதிவிட்டால் இது தீர்ந்தது என்றுதான் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்கின்றன. நடைமுறையில் அது பாதி வேலைதான். நன்றாக எழுதிய விளக்கமும் இரண்டு இடங்களில் தொலைந்துபோகும்: படம் பக்கத்தில் மிதக்கும்படி வைக்கப்பட்டிருந்தால் ஒருமுறை, கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போது இன்னொரு முறை. அதனால் இங்கே எழுத்துக்கு முன்பே இடத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கீழே வரும் படிகள் மைக்ரோசாஃப்ட் 365, வேர்டு 2019 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கானவை. பழைய பதிப்புகளில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். லிப்ரெஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் பயன்படுத்துவோருக்குத் தனிப் பகுதி உண்டு.

படத்தை வரியோடு வையுங்கள்

வேர்டில் ஒரு படம் இரண்டு விதமாக உட்காரும். ஒன்று, ஒரு பெரிய எழுத்தைப் போல வரியின் உள்ளேயே இருப்பது. இதற்கு 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று பெயர். மற்றது, உரையிலிருந்து விடுபட்டு, பத்திக்குப் பக்கத்திலோ மேலோ பின்னாலோ மிதப்பது. 'ஸ்கொயர்', 'டைட்', 'பிஹைண்ட் டெக்ஸ்ட்', 'இன் ஃப்ரண்ட் ஆஃப் டெக்ஸ்ட்' எல்லாம் இந்த இரண்டாம் வகை. திரைவாசிப்பான் உரையை வரி வரியாக வாசித்துக்கொண்டு போகிறது. வரிக்குள் இல்லாத படம் அந்த வழியில் குறுக்கே வருவதில்லை, பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். வாசித்தாலும், நீங்கள் கண்ணால் பார்க்கும் இடத்தில் அல்ல, அந்தப் படத்தின் நங்கூரம் (படத்தை ஒரு பத்தியோடு கட்டிவைக்கும் குறி) மாட்டியிருக்கும் பத்தியில் வாசிக்கும். நங்கூரமோ, இழுத்து நகர்த்தும்போது எங்கேயாவது போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாற்றுவது எளிது. படத்தைக் கிளிக் செய்தால் மேல் வலது மூலையில் சின்னதாக 'லேஅவுட் ஆப்ஷன்ஸ்' குறி தோன்றும். அதைத் திறந்து முதலில் இருக்கும் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு படத்தைத் தனிப் பத்தியில் வைத்து நடுவில் நிறுத்துங்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பேசும் பத்திக்கு அடுத்தாற்போல் அது வரட்டும். இனிமேல் வரும் படங்களும் தாமாகவே இப்படி உட்கார வேண்டுமானால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், 'கட், காப்பி, பேஸ்ட்' பகுதியில் 'இன்சர்ட்/பேஸ்ட் பிக்சர்ஸ் ஆஸ்' என்ற இடத்தில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்க் கோப்புகளில் இங்கே ஒரு சிக்கல் வரும். வரிக்குள் கொண்டுவந்ததும் படம் காணாமல் போய், அடிப்பகுதியில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரியும். பயந்துபோய்ப் பலர் மறுபடியும் மிதக்க விட்டுவிடுகிறார்கள். காரணம் வரி இடைவெளிதான். லதா போன்ற எழுத்துருக்களில் வரிகள் மிகவும் விலகி நிற்பதால், தட்டச்சு செய்பவர்கள் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 14, 16 பாயிண்ட் என்று இறுக்கி வைத்திருப்பார்கள். படமும் ஓர் எழுத்தாகிவிட்டதால் அதுவும் அந்த 16 பாயிண்டுக்குள் நறுக்கப்படுகிறது. படம் இருக்கும் பத்தியில் மட்டும் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் + 1 அழுத்துங்கள். ஒற்றை இடைவெளிக்கு மாறி முழுப் படமும் தெரியும்.

வேர்டுக்குள்ளேயே பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்து செய்த படங்கள் தனிக் கதை. பத்துப் பெட்டியும் ஒன்பது அம்பும் இருந்தால், வேர்டின் கணக்கில் அவை 19 தனிப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவது வீண், கேட்பவருக்கும் தொல்லை. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, ரைட் கிளிக்கில் 'குரூப்' கொடுங்கள். அந்தத் தொகுதி முழுவதையும் 'இன் லைன்' ஆக்கி, தொகுதிக்கு ஒரே விளக்கம் எழுதுங்கள். தொகுதியின் ஓரத்தைக் கிளிக் செய்யாமல் உள்ளே ஒரு பெட்டியைக் கிளிக் செய்துவிட்டால் விளக்கம் அந்தப் பெட்டிக்கு மட்டும் போய்விடும், கவனம். தொகுதி அடம்பிடித்தால் அதை வெட்டி, கன்ட்ரோல் + ஆல்ட் + வி மூலம் பிஎன்ஜி படமாக ஒட்டிவிடலாம். பின்னால் திருத்துவதற்கு மூல வரைவை வேறொரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்தை எழுதும் பெட்டி

படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'வியூ ஆல்ட் டெக்ஸ்ட்' அல்லது 'எடிட் ஆல்ட் டெக்ஸ்ட்' (பதிப்பைப் பொறுத்து) என்பதைத் திறந்தால் வலப்பக்கம் ஒரு பெட்டி வரும். சுட்டி இல்லாமல் வேலை செய்பவர்கள் ஷிஃப்ட் + அம்புக்குறியால் படத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் அதே மெனு திறக்கும். வேர்டு 2016இல் 'ஃபார்மட் பிக்சர்', அதில் மூன்றாவதாக இருக்கும் 'லேஅவுட் அண்ட் ப்ராப்பர்ட்டீஸ்', அதற்குள் 'ஆல்ட் டெக்ஸ்ட்'. அங்கே 'டைட்டில்', 'டிஸ்கிரிப்ஷன்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். டைட்டிலை விட்டுவிட்டு டிஸ்கிரிப்ஷனில் மட்டும் எழுதுங்கள்.

பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இணையத்திலிருந்து நகலெடுத்த படம் அந்தத் தளத்தில் எழுதியிருந்ததையும் சேர்த்து இழுத்து வரும். "இமேஜ் ரிசல்ட் ஃபார்" என்று தொடங்கும் அர்த்தமற்ற வரிகள் பல கோப்புகளில் அப்படியே கிடக்கின்றன. பழைய வேர்டில் செய்த கோப்புகளில் படத்தின் கோப்புப் பெயரே விளக்கமாக ஏறியிருக்கும். புதிய வேர்டு தானாக ஊகித்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைக்கும். கோயில் படமென்றால் வெளிப்புறம், கட்டடம் என்ற அளவில் இருக்கும், எந்தக் கோயில் என்று இருக்காது. இவை எல்லாமே வெற்றுப் பெட்டியைவிட மோசம், ஏனென்றால் பெட்டி காலியாக இல்லாததால் வேர்டின் சோதனைக் கருவியும் பல நேரம் எதுவும் சொல்லாது. தானியங்கி விளக்கம் வேண்டாமென்றால் ஆப்ஷன்ஸில் 'அக்சசிபிலிட்டி' பகுதிக்குப் போய் நிறுத்திவிடலாம். 'சேஞ்ச் பிக்சர்' கொடுத்துப் படத்தை மாற்றினாலும் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள், பழைய படத்தின் விளக்கம் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வெறும் அலங்காரமென்றால் அதே பெட்டியில் 'மார்க் ஆஸ் டெகரேட்டிவ்' என்பதை டிக் செய்யுங்கள். பக்க ஓரத்துக் கோலம், பத்திகளுக்கு நடுவே வரும் பூங்கொடி, தலைப்புக்குப் பின்னால் இருக்கும் வண்ணப் பட்டை எல்லாம் இதில் சேரும். ஒரு படம் அலங்காரமா இல்லையா என்று தெரியவில்லையா? அதை நீக்கிவிட்டுப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். வாசகருக்குத் தெரிய வேண்டியது எதுவும் குறையவில்லை என்றால் அலங்காரம். விளக்கம் எழுதச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் அலங்காரமென்று டிக் செய்வது உண்டு. அது கேட்பவரிடமிருந்து ஒளித்து வைப்பதற்குச் சமம்.

என்ன எழுதுவது

ஒரு படத்துக்குச் சரியான விளக்கம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கோப்பில் அந்தப் படம் எதற்காக இருக்கிறதோ அதுதான் விளக்கத்தைத் தீர்மானிக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஒரே புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம்.

கட்டடக்கலைப் பாடத்தில் அது வந்தால்: "தஞ்சைப் பெரிய கோயில் விமானம். நிலைகள் மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் எண்பட்டைச் சிகரத்தில் முடிகின்றன."

சுற்றுலாக் கையேட்டில் வந்தால்: "தஞ்சைப் பெரிய கோயிலின் முற்றத்தில் நடக்கும் பயணிகள். பின்னணியில் விமானம்."

ஆண்டு விழா அழைப்பிதழில் மங்கலாகப் பின்னணியில் வந்தால்: அலங்காரம். டிக் போதும்.

"இது ஒரு படம்", "புகைப்படத்தில் காணப்படுவது" என்றெல்லாம் தொடங்காதீர்கள். படம் என்பதை திரைவாசிப்பானே சொல்லிவிடுகிறது. ஆனால் என்ன வகைப் படம் என்பது முக்கியமென்றால் சொல்லத்தான் வேண்டும்: நிலப்படம், பட்டை வரைபடம், பென்சில் ஓவியம், கையெழுத்துப் பிரதி. முக்கியமானது முதல் சொற்களிலேயே வரட்டும். கேட்பவர் பாதியில் தாண்டிப் போகலாம் என்பதுதான் காரணம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், நீளமான வாக்கியத்தில் விஷயம் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடும். சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துவிடுங்கள்.

நீளம் ஒன்றிரண்டு வாக்கியங்கள் போதும். இதற்கு அழகைத் தாண்டிய காரணம் இருக்கிறது. உரையில் ஒரு சொல் புரியவில்லையென்றால் திரைவாசிப்பான் பயனர் அம்புக்குறியால் சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாகத் திரும்பிப் போய்க் கேட்க முடியும். படத்தின் விளக்கமோ ஒரே மூச்சில் சொல்லப்படும். நடுவிலிருந்து மறுபடி கேட்க வழியில்லை, முதலிலிருந்துதான் கேட்க வேண்டும். ஐந்து வரிக்கு ஒரு விளக்கம் எழுதி அதில் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் அடுக்கினால் அதை யாராலும் மனத்தில் நிறுத்த முடியாது. பத்தி பிரிப்பது, புள்ளியிட்ட பட்டியல், தடித்த எழுத்து எதுவும் அந்தப் பெட்டிக்குள் செல்லாது. நீளமாகச் சொல்ல வேண்டியதை உரையில் சொல்லிவிட்டு, பெட்டியில் சுருக்கத்தை மட்டும் வையுங்கள்.

வாக்கியம் முடிந்ததும் முற்றுப்புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் விளக்கத்தின் கடைசிச் சொல்லும் அடுத்த பத்தியின் முதல் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒலிக்கும். "கி.மீ.", "ச.அடி" போன்ற சுருக்கங்களை விரித்து எழுதுங்கள்.

அலுவலகக் கடிதத் தலைப்பில் இருக்கும் முத்திரைக்குக் கோபுரத்தை வருணிக்கத் தேவையில்லை. "தமிழ்நாடு அரசு முத்திரை" என்றால் முடிந்தது. கையொப்பப் படத்துக்கு யாருடைய கையொப்பம் என்பது மட்டும். கணினிப் பாடக் குறிப்பில் வரும் திரைப்பிடிப்புக்குத் திரையில் இருப்பதை எல்லாம் ஒப்பிக்க வேண்டாம், எந்தப் பட்டன், எந்த இடம் என்று காட்டவே அதை வைத்தீர்கள்: "பிரிண்ட் மெனுவில் 'பேப்பர் சைஸ்' ஏ4 என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது." மனிதர்கள் இருக்கும் படமென்றால் கோப்பில் பெயர் இருப்பவரின் பெயரைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து வயதையும் மனநிலையையும் ஊகித்து எழுதாதீர்கள்.

வரைபடமும் நிலப்படமும்

கஷ்டமான இடம் இதுதான். இங்கே பெட்டி, உரை, அட்டவணை மூன்றும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதத்தை ஆண், பெண் என்று மூன்று கணக்கெடுப்புகளில் ஒப்பிடும் பட்டை வரைபடம் இருக்கிறது என்று வைப்போம். "எழுத்தறிவு வரைபடம்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு எண்களையும் பெட்டிக்குள் கொட்டினாலும் காதில் நிற்காது. பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது எது? இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருக்கும் உயர வித்தியாசம் குறைந்துகொண்டே வருவதுதான். அதை எழுதுங்கள்:

"தமிழ்நாட்டில் ஆண், பெண் எழுத்தறிவு விகிதத்தை 1991, 2001, 2011 கணக்கெடுப்புகளில் ஒப்பிடும் பட்டை வரைபடம். இருவருக்கும் உள்ள இடைவெளி 22 புள்ளியிலிருந்து 13 புள்ளியாகக் குறைகிறது. எண்கள் கீழே அட்டவணையில்."

அட்டவணை, வரைபடத்துக்கு நேர் கீழே, உண்மையான வேர்டு அட்டவணையாக:

| ஆண்டு | ஆண் (%) | பெண் (%) |
|---|---|---|
| 1991 | 73.75 | 51.33 |
| 2001 | 82.42 | 64.43 |
| 2011 | 86.77 | 73.44 |

அட்டவணையின் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து, 'டேபிள் லேஅவுட்' தாவலில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுங்கள். அப்போது திரைவாசிப்பான் 64.43 என்ற கட்டத்துக்கு வரும்போது "பெண்" என்ற தலைப்பையும் சேர்த்துச் சொல்ல முடியும். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், வெற்றுக் கட்டங்களை விடாதீர்கள்.

நிலப்படத்திலும் ஓட்டப்படத்திலும் வேறு சிக்கல். கண் ஒரே நேரத்தில் முழுவதையும் பார்க்கிறது, காது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வாங்கும். அதனால் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து அதன் வழியே போக வேண்டும். திருச்சிக்கு அருகே காவிரி பிரியும் நிலப்படத்துக்கு ஆற்றின் ஓட்டமே நல்ல வழி. பெட்டியில் இவ்வளவு போதும்: "முக்கொம்பிலும் கல்லணையிலும் காவிரி பிரிவதைக் காட்டும் நிலப்படம். விவரம் அடுத்த பத்தியில்." அடுத்த பத்தி, எல்லோரும் வாசிக்கும் உரையாகவே:

"மேற்கிலிருந்து வரும் காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் மேலணையில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கிளை கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவில் திருவரங்கம் தீவாக நிற்கிறது. தீவைத் தாண்டிக் கிழக்கே கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை பிரிகின்றன, மிகுந்த நீர் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது."

இதை எழுதி முடித்தால், பார்வை உள்ள மாணவருக்கும் அந்த நிலப்படம் இப்போதுதான் புரிந்திருக்கும். பெட்டிக்குள் ஒளித்து வைக்காமல் உரையில் வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரையில் "மேலே சிவப்பில் காட்டியுள்ள மாவட்டங்கள்" என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். மாவட்டங்களின் பெயரைச் சொல்லுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும், கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து வாசிப்பவர்களுக்கும் சேர்த்து இது தீர்வு. பார்வை குறைந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அதனால் படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5க்கு 1, கோடுகளுக்கும் பட்டைகளுக்கும் 3க்கு 1 இருக்கட்டும். வலை அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டிகள் வைத்திருக்கும் அளவும் இதுதான்.

படத் தலைப்பு வேறு, விளக்கம் வேறு

படத்துக்குக் கீழே எல்லோருக்கும் தெரியும்படி வரும் "படம் 3. காவிரி பிரியும் இடங்கள்" என்ற வரி விளக்கத்துக்கு மாற்றாகாது. விளக்கமும் அதே வரியைத் திருப்பிச் சொல்லக் கூடாது, ஒரே விஷயம் காதில் இரண்டு முறை விழும். படத்தை வரிக்குள் வைத்த பிறகு 'ரெஃபரன்சஸ்' தாவலில் 'இன்சர்ட் கேப்ஷன்' கொடுங்கள். 'நியூ லேபிள்' மூலம் "படம்" என்று ஒரு லேபிள் உருவாக்கிக்கொண்டால் எண் தானாக ஓடும். முறை முக்கியம்: படம் மிதந்துகொண்டிருக்கும்போது கேப்ஷன் போட்டால் வேர்டு அதை ஒரு டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் போட்டுவிடும், அந்தப் பெட்டியும் மிதக்கும், வாசிப்பில் தொலையும்.

தமிழில் மட்டும் வரும் தொல்லைகள்

விளக்கப் பெட்டியில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும், பெட்டியில் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் தெரியும். யுனிகோடில்தான் எழுத வேண்டும், தமிழ்99 விசைப்பலகையாக இருந்தாலும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையாக இருந்தாலும் சரி. பெரிய ஆபத்து கோப்பின் உரையில் இருக்கிறது. பாமினியில் அடித்த பத்தி திரையில் அழகான தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் கோவை. திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கிலமாக உச்சரிக்கும். படங்களுக்கு விளக்கம் எழுதுவதற்கு முன் முழுக் கோப்பையும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மாற்றிய கோப்புகளில் கண்ணுக்குத் தப்பும் பிழைகள் இருக்கும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக வந்து, "கௌரி" என்பது "கெளரி" ஆகியிருக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்து "காலம்" என்பது "கரலம்" ஆகியிருக்கும். திரையில் வேகமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், காதில் வேறு சொல்லாக விழும். தேடல் வசதியில் "கெள", "வெள" என்று தேடிப் பார்த்தால் முதல் வகை சிக்கிவிடும், ஆனால் "வெள்ளம்" போன்ற சரியான சொற்களும் கூடவே வரும் என்பதால் ஒரேயடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கோப்பு தமிழில் இருந்தால் விளக்கமும் தமிழில். தமிழ் உரைக்கு நடுவே ஆங்கில விளக்கம் வந்தால் பேச்சுக் குரல் மாறும், அல்லது தமிழ்க் குரலே ஆங்கிலத்தை வினோதமாக உச்சரிக்கும்.

படமாக இருக்கவே கூடாதவை

அட்டவணையைத் திரைப்பிடிப்பாக ஒட்டுவது, கணிதச் சமன்பாட்டைப் படமாக வைப்பது, வாட்சாப்பில் வந்த சுற்றறிக்கையைப் புகைப்படமாகச் செருகுவது. இவற்றுக்கு நல்ல விளக்கம் எழுத முயல வேண்டாம். அட்டவணையை அட்டவணையாக அடியுங்கள். சமன்பாட்டுக்கு ஆல்ட் + சமக்குறி அழுத்தினால் வேர்டின் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும், அதில் எழுதுங்கள். சுற்றறிக்கைப் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி 'ஓப்பன் வித்' மூலம் கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு உரையாக்கித் தரும். எண்களையும் பெயர்களையும் மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் இருப்பதைத் திரைவாசிப்பான் தொடர் வாசிப்பில் சொல்லாது. "வரைவு", "நகல்" என்று பின்னணியில் போடும் வாட்டர்மார்க்கும் அப்படித்தான். துறையின் பெயரோ "இது வரைவு" என்ற எச்சரிக்கையோ அங்கே மட்டும் இருந்தால், முதல் பக்க உரையிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

லிப்ரெஆஃபீஸ், கூகுள் டாக்ஸ்

லிப்ரெஆஃபீஸ் ரைட்டரில் படத்தை ரைட் கிளிக் செய்து 'ஆங்கர்', 'ஆஸ் கேரக்டர்' கொடுப்பது வேர்டின் 'இன் லைன்' போன்றது. 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'ஆப்ஷன்ஸ்' தாவலில் விளக்கம் எழுதும் கட்டம் இருக்கிறது. புதிய பதிப்புகளில் 'டெகரேட்டிவ்' டிக்கும் அங்கேயே கிடைக்கும். கூகுள் டாக்ஸில் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் + ஆல்ட் + ஒய். படத்துக்குக் கீழே தோன்றும் குறிகளில் 'இன் லைன்' என்பதே தேர்வாகி இருக்கட்டும்.

சோதிப்பது

முதலில் 'ரிவ்யூ' தாவலில் 'செக் அக்சசிபிலிட்டி'. விளக்கம் இல்லாத படங்களையும் வரிக்குள் இல்லாத படங்களையும் பட்டியலிடும். .டாக் என்ற பழைய வடிவில் இருக்கும் கோப்பில் இது வேலை செய்யாது, 'ஃபைல்', 'இன்ஃபோ', 'கன்வர்ட்' மூலம் .டாக்எக்ஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். விளக்கம் பொருத்தமாக இருக்கிறதா என்று இது பார்க்காது, "படம்1" என்று எழுதி வைத்திருந்தாலும் திருப்திப்பட்டுவிடும்.

அதனால் காதாலும் ஒருமுறை கேட்க வேண்டும். விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதிலிருக்கும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். நிறுவியதும் இப்படிச் செய்யுங்கள்:

1. இன்சர்ட் + என் அழுத்தினால் வரும் மெனுவில் 'டூல்ஸ்', 'ஸ்பீச் வியூவர்' திறந்துகொள்ளுங்கள். அது பேசுவதெல்லாம் ஒரு சாளரத்தில் எழுத்தாகவும் ஓடும். பழகாத காதுக்கு இது பெரிய உதவி.
2. வேர்டு கோப்பைத் திறந்து கன்ட்ரோல் + ஹோம், பிறகு இன்சர்ட் + கீழ் அம்பு. முழுவதையும் வாசிக்கத் தொடங்கும். நிறுத்தக் கன்ட்ரோல் விசை.
3. இன்சர்ட் + ஸ்பேஸ் அழுத்தி உலாவும் நிலைக்கு மாறி, ஜி அழுத்தினால் அடுத்த படம், ஷிஃப்ட் + ஜி அழுத்தினால் முந்தைய படம்.
4. வெளியேற இன்சர்ட் + க்யூ.

கண்ணால் எண்ணிய படங்களும் ஜி நின்ற இடங்களும் ஒத்துப்போகவில்லையென்றால், இன்னும் ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது அல்லது அலங்காரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. திரையைப் பார்க்காமல் ஒரு பக்கத்தை மட்டுமாவது கேளுங்கள். எந்த விளக்கம் நீளம், எது வெறும் பேச்சு என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிடிஎஃப் ஆக்கும்போது

'பிரிண்ட்' போய் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்தால் இதுவரை செய்த எல்லாம் போயிற்று. அச்சுப் பாதையில் போகும் கோப்புக்குப் பக்கத்தின் தோற்றம் மட்டுமே போய்ச் சேரும், விளக்கங்களைச் சுமக்கும் கட்டமைப்புக் குறிகள் சேராது. 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுங்கள். சேமிப்பதற்கு முன் 'ஆப்ஷன்ஸ்' திறந்து 'டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் அக்சசிபிலிட்டி' என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் இருக்கும் 'பிட்மேப் டெக்ஸ்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், கோப்போடு சேர்க்க முடியாத எழுத்துருவில் இருக்கும் உரையை அது படமாக்கிவிடும். லிப்ரெஆஃபீஸில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' சாளரத்தில் 'டேக்டு பிடிஎஃப்', முடிந்தால் 'பிடிஎஃப்/யூஏ' (அணுகல்தன்மைக்கான பிடிஎஃப் தரம்). உருவான பிடிஎஃப்பையும் என்விடிஏவில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நடப்பதோ வேறு. கோப்பை அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். அந்தப் பிடிஎஃப்பில் படங்கள் மட்டுமல்ல, ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. கையொப்பமிட்ட நகல் கட்டாயம் தேவையென்றால் அதை அனுப்புங்கள், ஆனால் அதே மின்னஞ்சலில் மூல .டாக்எக்ஸ் கோப்பையோ குறியிட்ட பிடிஎஃப்பையோ சேர்த்து இணையுங்கள். எது எந்தக் கோப்பு என்று கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: ஒன்றில் "ஸ்கேன்", மற்றதில் "வாசிக்கத்தக்கது".